பழைய அலுமினிய சென்டர் கன்சோல் படகில் எந்தப் பிராண்டு நல்லது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். அமெரிக்காவில் 18-லிருந்து 20 அடிக்குள், பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய அலுமினிய சென்டர் கன்சோல், அதாவது ஸ்டீயரிங் மேடை நடுவில் இருக்கும் மீன்பிடி படகு ஒன்று வாங்க வேண்டும். பாதி நாள் ஏரியில் ஓட்டுவீர்கள், பாதி நாள் உப்புக்கழியில். கிரெஸ்ட்லைனர், ஜி3, எக்ஸ்பிரஸ், டிராக்கர், அலுமாகிராஃப்ட் என்று ஐந்து பெயர்கள் பட்டியலில் இருக்கின்றன. இதில் எது நல்ல பிராண்டு, ரிவெட் அடித்த, அதாவது வெல்டிங்குக்குப் பதிலாக ஆணி அடித்துத் தகடுகளை இணைத்த படகைத் தொடலாமா கூடாதா என்பது கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: வெளியே பளபளவென்று இருக்கும் ஒரு பழைய படகு உள்ளே கெட்டிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் அதிகம் பதில் சொல்லப்போகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

நான் அலுமினிய வெல்டிங் படித்து, அதன் பிறகு பல வருடம் படகுப் பட்டறையில் தகடு வெட்டி ஒட்டும் வேலை பார்த்தவன். ஆகவே படகின் உடல், தளம், டிரான்ஸம் (எஞ்சின் தொங்கும் பின்சுவர்) இவற்றைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். எஞ்சினின் உட்புறம் என் துறை இல்லை. அதில் நான் சொல்வது, ஒரு நல்ல மெக்கானிக்கிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதோடு நின்றுவிடும்.

முதலில் பிராண்டைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது. கிரெஸ்ட்லைனர் முழு வெல்டிங் படகுகளுக்குப் பெயர்போனது. எக்ஸ்பிரஸ் ஆர்கன்சாவில் செய்யப்படுவது, அதுவும் முழு வெல்டிங். டிராக்கரின் கிரிஸ்லி வரிசையும் வெல்டிங்தான். அலுமாகிராஃப்டில் இரண்டும் உண்டு: அவர்களுடைய பெரிய வி வடிவப் படகுகள் பெரும்பாலும் ரிவெட், தட்டையான அடி கொண்ட ஜான் படகுகளில் வெல்டிங் நிறைய. உங்கள் பட்டியலில் இல்லாத லண்ட், ரிவெட் படகிலேயே பெரிய பெயர் எடுத்த கம்பெனி. ஆனால் அவர்களுடைய பலம் ஏரிக்கான பக்கவாட்டுக் கன்சோல் படகுகளில் இருக்கிறது, சென்டர் கன்சோலில் அவ்வளவாக இல்லை. வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் செய்யப்படும் ஹியூஸ்கிராஃப்ட், டக்வொர்த், நார்த் ரிவர் போன்றவை கனமான பிளேட்டில் செய்யப்பட்ட முரட்டுப் படகுகள். அவை பெரும்பாலும் முன்கண்ணாடியோ கேபினோ வைத்து வருவதால் நீங்கள் தேடும் அமைப்பில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. படகின் பிராண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பாதி அளவுக்கு எஞ்சினின் பிராண்டையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். கிரெஸ்ட்லைனர், லண்ட், லோ என்ற மூன்று படகு பிராண்டுகளையும் 2004-இல் பிரன்ஸ்விக் என்ற கம்பெனி வாங்கியது. மெர்குரி எஞ்சினும் அதே பிரன்ஸ்விக்குடையது. ஆகவே இந்தப் படகுகளின் பின்னால் பெரும்பாலும் மெர்குரிதான் தொங்கும். ஜி3 யமஹாவுக்குச் சொந்தமானது, அதில் யமஹா எஞ்சின்தான். எக்ஸ்பிரஸிலும் பெரும்பாலும் யமஹாவைப் பார்ப்பீர்கள், டிராக்கரில் மெர்குரியை. அலுமாகிராஃப்டை 2018-இல் பிஆர்பி என்ற கம்பெனி வாங்கியது. அப்போது அவர்களுடைய எஞ்சின் எவின்ரூட். அந்த எவின்ரூட் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்) உற்பத்தியை 2020 மே மாதம் நிறுத்திவிட்டதாக பிஆர்பி அறிவித்தது. எவின்ரூட் மாட்டிய படகு விலை குறைவாகக் கண்ணில் பட்டால் காரணம் அதுவாக இருக்கலாம். கெட்ட எஞ்சின் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் இருக்கும் பக்கத்தில் அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கடை ஒன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

பிராண்டு உங்களுக்குத் தரும் பயன் என்று நான் நினைப்பது இதுதான்: எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அது ஒரு துப்பு. ரிவெட் படகு கெடும் இடம் வேறு, வெல்டிங் படகு கெடும் இடம் வேறு. ரிவெட் மட்டம், வெல்டிங் உசத்தி என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ரிவெட் படகில் வருடக்கணக்கில் அலை அடிக்க அடிக்க ரிவெட் தளரும், துளியாகக் கசியும். கசிவு கண்ணுக்குத் தெரியும். தளர்ந்த ரிவெட்டை ஒருவர் உள்ளே இரும்புக்கட்டியைப் பிடிக்க இன்னொருவர் வெளியிலிருந்து அடித்து இறுக்கலாம், அல்லது எடுத்துவிட்டுப் புதியது போடலாம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் ஆபத்தில்லாத வேலை. வெல்டிங் படகு கசியாது, இறுக்கமாக இருக்கும். அது கெடும்போது விரிசலாகக் கெடும். வெல்டிங் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தகடு சூட்டினால் கொஞ்சம் பலம் இழந்திருக்கும். 6061-டி6 போன்ற சூடு செய்து பலமேற்றிய கலவையில் வெல்டிங்கை ஒட்டிய பகுதி கிட்டத்தட்டப் பாதி பலத்தை இழக்கும். உடல் தகடாகப் பயன்படும் 5052, 5083, 5086 என்ற கலவைகளில் இழப்பு அதைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. விரிசல் அந்தப் பலவீனமான ஓரத்தில்தான் பிறக்கும்.

இங்கே அலுமினியத்தின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். இரும்பில் ஒரு அளவுக்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் அது களைத்து முறியாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான பாதுகாப்பு எல்லை கிடையாது. சிறு சிறு அதிர்ச்சியும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஒரே வருடத்தில் பிறந்த இரண்டு படகுகளில் ஒன்று புதிதுபோல இருக்கும், இன்னொன்று நொந்துபோயிருக்கும். அனுமதித்த அதிகபட்சக் குதிரைத்திறனை மாட்டி, அலை மேல் பறக்கவிட்டு ஓட்டிய படகின் உடம்பில் அத்தனை அடியும் பதிந்திருக்கும். அதற்கு எந்தப் பெயர்ப்பலகையும் பொறுப்பாகாது.

தகட்டின் கனத்தையும் கேளுங்கள். இந்த ரகப் படகுகளில் அடித்தகடு பெரும்பாலும் 0.100 அங்குலம், அதாவது 2.5 மில்லிமீட்டர், அல்லது 0.125 அங்குலம், அதாவது 3.2 மில்லிமீட்டர். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஆனால் தகட்டின் விறைப்பு கனத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 2.5-லிருந்து 3.2-க்குப் போகும்போது அதே தகடு ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பாகிவிடுகிறது. உள்ளே எலும்புகள், அதாவது தகட்டைத் தாங்கும் சட்டங்கள், நெருக்கமாக இருந்தால் மெல்லிய தகடும் நன்றாகவே உழைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நீங்கள் கழியில் சிப்பிப் பாறை மேலெல்லாம் போகக்கூடியவர் என்றால் நான் 0.125-க்குக் கீழே இறங்க மாட்டேன். ஏரி மட்டும் என்றால் 0.100 போதும்.

சரி, இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பழைய அலுமினியப் படகை அலை கொல்வதைவிட அதிகமாகத் தளத்துக்கு அடியில் நடக்கும் அரிப்பு கொல்கிறது. அலுமினியம் துரு பிடிக்காது என்பது உண்மை. அதன் மேல் காற்றுப் பட்டதும் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் உருவாகி அதைக் காக்கிறது. அந்தத் தோல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈரமான கார்ப்பெட்டோ, நீர் ஊறிய ஃபோமோ, ஈரப் பலகையோ தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் அந்த இடத்தில் காற்று புகாது, உப்பு மட்டும் தங்கும். தோல் கிழிந்த இடம் ஆறாமல் உள்ளே குழி விழுந்துகொண்டே போகும். வெள்ளை மாவுபோலப் பூக்கும். உப்பு நீர் நன்னீரைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவதால் வேறு உலோகம் பக்கத்தில் இருந்தால் வேகம் இன்னும் கூடும். அதிலும் செம்பு வந்துவிட்டால் அலுமினியம் தாங்காது.

ஒரு படகைச் சொல்கிறேன். 18 அடி, வெள்ளை பெயின்ட், வெளியே ஒரு கீறல்கூட இல்லை. சொந்தக்காரர் சின்னக் கசிவு என்றுதான் கொண்டுவந்தார். அடியில் நாலைந்து இடத்தில் பெயின்ட் மட்டும் மிளகு அளவுக்குக் கொப்புளித்திருந்தது. தளத்தைக் கழற்றினோம். முந்தைய உரிமையாளர் ஒருவர் பழைய தளம் மட்கியதும், கட்டடத்துக்கு வாங்கும் மருந்து ஏற்றிய பிளைவுட்டை வெட்டிப் போட்டு அதன் மேல் கார்ப்பெட் ஒட்டியிருக்கிறார். பலகையின் அடிப்பக்கம் இளம்பச்சை நிறத்தில் நனைந்த அட்டைபோல இருந்தது. அது தொட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு எலும்பின் மேலும் விரல் கனத்துக்கு வெள்ளை மாவு. மாவைச் சுரண்டி எடுத்துவிட்டு, இருட்டியதும் உள்ளே ஒரு விளக்கை வைத்துவிட்டு நான் டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அடித்தகடு முழுக்க விண்மீன்கள் மாதிரி ஒளிப்புள்ளிகள். எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டேன். அந்தப் படகுக்கு அடியையே மாற்ற வேண்டும், அது படகின் விலையைத் தாண்டிவிடும் என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நீங்கள் அந்த இடத்தில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்தப் பலகையில் என்ன இருந்தது என்றால், செம்பு. மரம் மட்காமல் இருக்க ஏற்றும் மருந்தில் செம்பு உண்டு. அமெரிக்காவில் 2003 கடைசியோடு, வீட்டு உபயோக மரத்துக்கு ஆர்செனிக் கலந்த பழைய மருந்தைப் போடுவதை நிறுத்தினார்கள். அதன் இடத்தில் வந்த மருந்துகளில் செம்பு இன்னும் அதிகம். ஆகவே விற்பவர் "தளம் முழுக்கப் புதிதாகப் போட்டிருக்கிறேன்" என்று சந்தோஷமாகச் சொன்னால் நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி: என்ன பலகை, மருந்து ஏற்றியதா, தகட்டுக்கும் பலகைக்கும் நடுவில் என்ன வைத்தீர்கள்? பதில் தெரியவில்லை என்றால் ஒரு மூலையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிட்டு வந்துவிடுங்கள். தளமும் எலும்பும் எல்லாமே அலுமினியம், மரமே இல்லை என்ற படகு கிடைத்தால், உப்பு நீருக்குப் போகிறவர் என்ற முறையில் அதற்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பதில் தப்பே இல்லை. ஒரே பிராண்டில்கூட வருடத்துக்கு வருடம் இது மாறுவதால், அந்த மாடல் வருடத்தின் கேட்டலாகைத் தேடிப் பாருங்கள். பழைய கேட்டலாகுகள் பெரும்பாலும் இணையத்திலேயே கிடைத்துவிடும்.

செம்பு பலகையில் மட்டும் வராது. மீன் தேடும் கருவி மாட்டும்போது வெட்டிய வயர் துண்டுகள் அடிப்பள்ளத்தில் விழுந்து, ஒரு எலும்பின் ஓரத்தில் ஒதுங்கி, அங்கேயே தகட்டில் ஓட்டை போட்டதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். சுண்டுவிரல் நகத்தளவு கம்பி, அதற்குக் கீழே அதே நீளத்துக்கு ஒரு பள்ளம். ஆகவே பின்புறம் பம்ப் இருக்கும் பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பித் துண்டு, காசு, ஈயக்குண்டு, துருப்பிடித்த தூண்டில் முள் இவை கிடந்தால் அந்த வீட்டில் படகை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது புரிந்துவிடும். அப்புறம், அடியில் பாசி பிடிக்காத பெயின்ட் அடித்திருந்தால் அது எது என்று கேளுங்கள். அந்தப் பெயின்ட்டுகளில் நிறையச் செம்பு கலந்தவை. அவை அலுமினியத்துக்கு விஷம். அலுமினியத்துக்கென்றே செம்பில்லாத பெயின்ட் தனியாக உண்டு. பின்னால் இருக்கும் அனோடு, அதாவது படகுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகத் துண்டு, பாதி கரைந்திருந்தால் நல்ல அடையாளம், அது தன் வேலையைச் செய்திருக்கிறது. உப்பு நீரில் பல வருடம் ஓடியும் கரையவே இல்லை என்றால் அதற்கும் உலோகத்துக்கும் தொடர்பு அறுந்திருக்கிறது, அல்லது மேலே பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

அடுத்து ஃபோம். 20 அடிக்குக் குறைந்த படகு நீர் நிரம்பினாலும் மிதக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. அதற்காகத் தளத்துக்கு அடியில் ஃபோம் அடைத்திருப்பார்கள். அந்த ஃபோம் வருடக்கணக்கில் நீர் குடிக்கும். ஒரு கன அடி நீரின் எடை 28 கிலோ. பத்துக் கன அடி ஃபோம் முழுக்க ஊறினால் 280 கிலோ கூடுதல் சுமை, கண்ணுக்குத் தெரியாமல். இதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது, என்னாலும் முடியாது. முடிந்த ஒரே வழி எடைபோடுவது. டிரெய்லரோடு லாரி எடைமேடையில் ஏற்றி, கம்பெனி சொன்ன படகு எடை, எஞ்சின் எடை, டிரெய்லர் எடை, டாங்கில் இருக்கும் எரிபொருள், பேட்டரி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஐம்பது கிலோ முன்னே பின்னே இருப்பது இயல்பு. இருநூறு கிலோ கூடுதல் என்றால் அது நீர்தான்.

சென்டர் கன்சோலுக்கே உரிய ஒரு சங்கடம் எரிபொருள் டாங்க். நிறைய மாடல்களில் அது கன்சோலுக்குக் கீழே தளத்துக்குள் புதைந்திருக்கும். டாங்கும் அலுமினியம், அதைச் சுற்றி ஃபோம் என்றால் மேலே சொன்ன அதே ஈர ஒட்டு வியாதி டாங்குக்கும் வரும். மாற்றுவதற்குக் கன்சோலைத் தூக்க வேண்டும், தளத்தை வெட்ட வேண்டும். பார்க்கும் வழி எளிது. கன்சோல் கதவைத் திறந்து ஒரு நிமிடம் முகர்ந்து பாருங்கள். ஆய்வு மூடி இருந்தால் கழற்றி டாங்கின் மேல்முகத்தைப் பாருங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் பேச்சை நிறுத்திவிடுங்கள். அது பணப் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினை. கன்சோலையும், மேலே நிழற்கூரை இருந்தால் அதன் கால்களையும் பிடித்து ஆட்டுங்கள். கால்கள் தளத்தில் உட்காரும் இடத்தைச் சுற்றி விரிசல் விழுவது சகஜம். அங்கே எவர்சில்வர் போல்ட்டுகள் அலுமினியத்தில் நேராக உட்கார்ந்திருந்தால் சுற்றிலும் பெயின்ட் கொப்புளித்திருக்கும். அந்தக் கொப்புளம் பெரும்பாலும் மேலோட்டமானதுதான், பயப்பட வேண்டாம்.

டிரான்ஸம் நிறையப் படகுகளில் இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளைவுட் வைத்துச் செய்தது. உள்ளே மட்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. எஞ்சினைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தி, அதன் அடிப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் நன்றாக அமுக்குங்கள். அப்போது இன்னொருவர் பின்சுவரையும் அது பக்கச்சுவரோடு சேரும் மூலையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுவர் மூச்சு விடுவதுபோல அசைந்தால் மட்கல், அல்லது மூலையில் விரிசல். பிறகு சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், மட்கிய இடம் தொப்பென்று கேட்கும். காது இரண்டு நிமிடத்தில் பழகிவிடும்.

வெல்டிங் படகில் விரிசல் தேட நான் முதலில் போகும் இடங்கள்: நீளவாக்கு எலும்புகள் டிரான்ஸத்தைத் தொடும் மூலைகள், அடியும் பக்கமும் சேரும் ஓரத்தின் நடுப்பகுதி, டிரெய்லரின் முன்தாங்கி இடிக்கும் மூக்கு, டிரெய்லர் பலகைகள் படகைத் தாங்கும் இடங்கள். முடியிழை மாதிரி ஒரு கோடு, அதன் ஓரத்தில் கறுப்பாகக் கசிந்த தடம் என்றால் அது விரிசல். சந்தேகம் வந்தால் ஒரு வெல்டரை அழைத்து, சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லலாம். விரிசல் இருந்தால் பொடி மேல் சிவப்புக் கோடு எழும். நேர்மையாகச் செய்த பழுதுவேலை படகை விலக்கக் காரணம் ஆகாது. விரிசலின் முனையில் துளையிட்டு நிறுத்தி, வாய்க்கால்போல அரைத்து, சரியான கம்பியில் ஒட்டி, தேவையென்றால் மேலே ஒட்டுத்தகடு போட்டிருந்தால் அந்த இடம் நன்றாக உழைக்கும். சிலிக்கான் பசையோ எபாக்சியோ அப்பியிருந்தால், ஏதோ ஒன்றை மறைக்க நினைத்திருக்கிறார்கள்.

ரிவெட் படகென்றால், விற்பவர் சம்மதித்தால் டிரெய்லரிலேயே வைத்து உள்ளே நீர் ஊற்றிப் பார்க்கலாம். எங்கே சொட்டுகிறதோ அங்கே மார்க்கரால் வட்டம் போட்டுக்கொண்டே வாருங்கள். ஆனால் அளவோடு ஊற்றுங்கள். 18 அடி நீளம், 5 அடி அகலத் தட்டை அடியில் ஒரு அங்குல நீரே 200 கிலோவைத் தாண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து இடத்தில் சொட்டுவதைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். ஒரே வரிசையில் பத்து ரிவெட் அடுத்தடுத்துக் கசிந்தால் அந்த இடத்தில் உள்ளே எலும்பு முறிந்திருக்க வாய்ப்புண்டு, அது வேறு கதை.

வருடத்தை விற்பவர் வாயால் நம்ப வேண்டியதில்லை. டிரான்ஸத்தின் வலப்பக்க மேல்மூலையில் 12 எழுத்து அடையாள எண் இருக்கும். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பிறகு செய்த எல்லாப் படகிலும் இருந்தாக வேண்டும். முதல் மூன்று எழுத்து செய்த கம்பெனியைக் குறிக்கும். கடைசி நான்கில் முதலாவது மாதம், ஏ என்றால் ஜனவரி என்று வரிசையாக. அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி எண், கடைசி இரண்டும் மாடல் வருடம். எச்314 என்று முடிந்தால் 2013 ஆகஸ்டில் செய்த 2014 மாடல். பத்திரத்தில் இருக்கும் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த மூலையில் சுரண்டிய தடம் இருந்தால் படகை வாங்காதீர்கள்.

எஞ்சினுக்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவது தண்டச் செலவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய படகின் விலையில் பாதி எஞ்சின்தான். அவரிடம் கேட்க வேண்டியவை: கணினியில் இணைத்து ஓடிய மணி நேரமும், எந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்பதும்; ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம், ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா; கியர் எண்ணெய் பால் நிறத்தில் வருகிறதா. இதற்கு மேல் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு உங்கள் ஐந்து பெயருக்கு என் தீர்ப்பைச் சொல்லாமல் போக முடியாது. உப்புக்கழியில் பாதி நாள் என்றால், முழு வெல்டிங், 0.125 அடித்தகடு, மரமில்லாத தளம் என்ற மூன்றும் சேர்ந்த படகைத் தேடுங்கள். எக்ஸ்பிரஸின் பே வரிசையும் ஜி3-இன் பே வரிசையும் ஆழமற்ற உப்பு நீரை மனதில் வைத்தே செய்தவை, ஆகவே தேடலை அங்கே தொடங்குவேன். கிரெஸ்ட்லைனரின் பே படகு கண்ணில் பட்டால் அதையும் அதே வரிசையில் வைப்பேன். டிராக்கர் எண்ணிக்கையில் அதிகம், ஆகவே நல்லதும் கெட்டதும் அதிகம். விலை சௌகரியமாக இருக்கும், உதிரி பாகம் எளிதில் கிடைக்கும். பல மாடல்களில் தகடு மெல்லிது என்பதால் முந்தையவர் எப்படி ஓட்டினார் என்பதை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். ரிவெட் அடித்த அலுமாகிராஃப்டை ஏரிக்கு மட்டும் என்றால் தயங்காமல் எடுப்பேன். ஆனால் இந்த வரிசையெல்லாம் இரண்டு படகுகள் சமமான நிலையில் இருந்தால் மட்டுமே செல்லும். ஏரியிலேயே வாழ்ந்த டிராக்கரா, உப்பில் பத்து வருடம் கிடந்து கழுவப்படாத எக்ஸ்பிரஸா என்று கேட்டால் யோசிக்காமல் டிராக்கரைச் சொல்வேன்.

தட்டையடிப் படகு ஆழமற்ற கழியில் சுகமாகப் போகும், திறந்த நீரில் அலை எழுந்தால் முதுகை உடைக்கும். அலுமினியம் லேசானது என்பதால் காற்றிலும் நிறையத் தள்ளப்படும், நங்கூரமும், படகை மெதுவாக நகர்த்தும் சின்ன மின்மோட்டாரான டிரோலிங் மோட்டாரும் அதற்கேற்ப வேண்டும். இதைப் பற்றி நான் எழுதிப் புரியவைப்பதைவிட நீங்கள் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. கண்ணாடிபோல நீர் கிடக்கும் காலைவேளை வேண்டாம், காற்று கொஞ்சம் வீசும் மதியத்தில் கேளுங்கள். கிளம்பும் முன் பின்னால் இருக்கும் வடிகால் திருகைக் கழற்றி, உள்ளே நீர் இல்லை என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஓட்டும்போது முழு வேகத்தில் எஞ்சின் அதற்கென்று குறித்த சுழற்சி எல்லையைத் தொடுகிறதா பாருங்கள். தொடவில்லை என்றால் புரொப்பெல்லர் பொருந்தவில்லை, அல்லது ஃபோமில் நீர். திரும்பி வந்து டிரெய்லரில் ஏற்றியதும் அதே திருகை மறுபடி கழற்றி, கீழே ஒரு வாளியை வையுங்கள். ஒரு குவளை வந்தால் சரி. வாளி நிறைந்தால் விற்பவரை அழைத்து, அவரும் அந்த வாளியைப் பார்க்கும்படி நிறுத்திவைத்து, எங்கிருந்து வருகிறது என்று அவரிடமே கேளுங்கள்.